வேகம் வேறு, வீரம் வேறு

வீரம் என்றதும் தமிழர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சங்க காலப் போர்க்களம், அடுத்தது நடுகல். ஊரின் ஆநிரையைப் பகைவர் கவர்ந்து சென்றபோது அவற்றை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கும், புலியோடு போராடி மாண்டவனுக்கும் நம் முன்னோர் கல் நட்டார்கள். அக்கல்லில் அவனுடைய உருவத்தைச் செதுக்கினார்கள். பெயரைப் பொறித்தார்கள். அத்தோடு நிற்காமல், அவன் எதற்காக மாண்டான் என்பதையும் எழுதி வைத்தார்கள். இந்த 'எதற்காக' என்பதுதான் வீரத்தின் அளவுகோல் என்பது என் கருத்து. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் இளைஞர்கள் பெரிதும் விரும்பும் மோட்டார் பந்தய உலகத்தை இக்கட்டுரையில் அளந்து பார்க்கலாம்.

நாற்சந்தி ஊரிலிருந்து

நான் பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையிலுள்ள சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்தவன். ஊரின் பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். சுற்றிலும் தோட்டங்களாக இருந்த பகுதி இது. இன்று தோட்டங்கள் சுருங்கி, தாமான்களும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. ஒரு பக்கம் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை. மறுபக்கம் பத்து காவானையும் தீவையும் இணைக்கும் இரண்டாவது பினாங்குப் பாலம். 2014 மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். நீண்ட, நேரான, இரவில் ஆளில்லாத சாலைகள் எங்களைச் சுற்றி இருக்கின்றன என்பதைச் சொல்லவே இந்த விவரங்கள். நள்ளிரவுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் வீட்டுச் சன்னல் வரை வந்து போகும். சட்டவிரோதப் பந்தயம் ஓட்டுபவர்களை 'மாட் ரெம்பிட்' என்று நாடே அழைக்கிறது. அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அவர்களிடம் கேட்டால், "பயம் இல்லாதவன்தான் ஓட்டுவான் அண்ணே" என்பார்கள். பயமில்லாமை ஒன்றே வீரமாகிவிடுமா? இக்கேள்விக்கு அறிவுரை சொல்பவர்களிடம் விடை தேடுவதைவிட, வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்களிடம் தேடுவது நியாயம் அல்லவா?

சோழவரத்திலிருந்து செபாங்கிற்கு

நம்மவரிலிருந்தே தொடங்குவோம். சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அதையே தடமாக்கி அங்கு மோட்டார் பந்தயங்கள் நடத்தினார்கள். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் விளையாட்டு மன்றம் பல ஆண்டுகள் அங்கே போட்டிகளை நடத்தியது. பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் ஒன்று உருவானது.

அக்காலத்தில் கார் பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. வெளிநாட்டு வண்டி, வெளிநாட்டு உதிரிப் பாகம் என எல்லாமே எட்டாத விலை. இந்நிலையை மாற்றியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன். அவரே ஒரு பந்தய வீரர். தாம் வென்றால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இந்தியத் தெருக்களில் எங்கும் ஓடிய மாருதி காரின் இயந்திரத்தைப் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் குறைந்த செலவுப் பந்தய வண்டியை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர் பெற்ற அந்த வண்டிகளால் ஒரு தலைமுறையே பந்தயத்திற்கு வந்தது. 1995-இல் ஒரு விமான விபத்தில் அவர் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதி வண்டியில் ஓட்டத் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 1977-இல் பிறந்தவர், கோயம்புத்தூரில் வளர்ந்தவர். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய அளவில் வெற்றி பெற்ற ரேலி ஓட்டுநர். நரேன் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பயிற்சி பெற்று, 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2005-இல் ஜோர்டான் அணியில் இடம்பெற்று, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அவருடைய இரண்டாவது பந்தயம் நம் நாட்டின் செபாங்கில், 2005 மார்ச் 20-ஆம் நாள் நடந்தது. அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். விடுதியின் பொதுக்கூடத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சியைச் சுற்றி எங்கள் கூட்டம் கூடியது. ஒரு தமிழர் செபாங்கில் ஃபார்முலா 1 ஓட்டுகிறார் என்பதே எங்களுக்குப் பெருமை. செபாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. நம் வெயிலில் பந்தயம் முடிவதற்குள் ஓட்டுநர் இரண்டு, மூன்று கிலோ எடையை வியர்வையாகவே இழந்துவிடுவார். நரேன் பதினோராவதாக வந்தார். நாங்கள் முதலிடம் வந்ததுபோல் கைதட்டினோம்.

அதே ஆண்டு அக்டோபரில் ஷாங்காயில் அவருடைய வண்டி தடுப்புச் சுவரில் மோதிச் சிதைந்தது. அவரோ காயமின்றி வெளியே வந்தார். அதன்பின் ஃபார்முலா 1-இல் இடம் கிடைக்காமல் பல ஆண்டுகள் வேறு பந்தயங்களில் ஓட்டினார். 2011-இல் மிக மெதுவான ஓர் அணியில் இடம் கிடைத்தபோது, கடைசி வரிசை என்று தெரிந்தே திரும்பி வந்தார். 2019 நவம்பரில், நாற்பத்திரண்டாம் வயதில், ஜப்பானின் ஃபுஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானிய வண்டிகள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில் முதலிடம் பெற்றார். விழுந்தபின் எழுவதும், கடைசியில் நின்றாலும் களத்தை விடாமல் இருப்பதும் வீரத்தின் ஒரு முகம்.

ஆனால் அது ஒரு முகம்தான். மற்ற முகங்களைக் காண நாம் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தீயை நோக்கி ஓடியவர்கள்

1970-களில் ஃபார்முலா 1 வண்டி என்பது ஏறக்குறைய சக்கரம் பூட்டிய பெட்ரோல் தொட்டி. மோதினால் தீப்பற்றும். ஓட்டுநர்கள் பலர் மாண்டார்கள்.

1973 மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவின் கயலாமி தடத்தில் கிளே ரெகட்சோனியின் வண்டி மோதித் தீப்பிடித்தது. அவர் நினைவிழந்து உள்ளே கிடந்தார். அதே மோதலில் சிக்கிய மைக் ஹெயில்வுட் தம் வண்டியிலிருந்து இறங்கி ஓடி, ரெகட்சோனியின் இருக்கை வாரை அவிழ்க்க முயன்றார். அவருடைய ஆடையிலேயே தீப்பற்றியது. தீயை அணைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே நுழைந்தார். ரெகட்சோனி உயிர் பிழைத்தார். ஹெயில்வுட்டுக்குப் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் தடத்தில் நடந்ததற்கு அப்படி ஒரு நல்ல முடிவு வாய்க்கவில்லை. ரோஜர் வில்லியம்சன் என்ற இளைஞருக்கு அது இரண்டாவது ஃபார்முலா 1 பந்தயம். அவருடைய வண்டி தடுப்பில் மோதி, தலைகீழாகச் சறுக்கிச் சென்று எரியத் தொடங்கியது. பின்னால் வந்த டேவிட் பர்லி தம் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். மற்ற வண்டிகள் பறந்துகொண்டிருந்த தடத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தார். தனி ஆளாய் அந்த வண்டியைத் தள்ளிப் புரட்ட முயன்றார். முடியவில்லை. தீயணைப்பானைப் பறித்து அடித்தார். தீ அடங்கவில்லை. மார்ஷல்கள் எனப்படும் தட ஊழியர்களுக்குத் தீயைத் தாங்கும் ஆடை இல்லாததால் அவர்களால் நெருங்க முடியவில்லை. பந்தயமும் நிறுத்தப்படவில்லை. எரிவது பர்லியின் வண்டி, அவர்தான் தப்பி நிற்கிறார் என்று நினைத்து மற்ற ஓட்டுநர்கள் கடந்து போனார்கள். வில்லியம்சன் மாண்டார். பர்லிக்கும் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது.

பர்லி அன்றைய பந்தயத்தை முடிக்கவில்லை. காப்பாற்றப் போனவரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் கடந்து நாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அன்று வென்றவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

1992-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், பயிற்சி ஓட்டத்தின்போது எரிக் கோமாஸ் மோதி நினைவிழந்தார். அவருடைய கால் மிதியிலேயே அழுந்தி இருந்ததால் இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். உலக வெற்றியாளரான அயர்டன் சென்னா தம் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினார். முதலில் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு மருத்துவக் குழு வரும்வரை கோமாஸின் தலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் இழுத்துப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அறிந்து செய்த வீரம் அது.

திருக்குறளில் 'படைச்செருக்கு' என்றோர் அதிகாரம் உண்டு. எதிரியின் முன் அஞ்சாமல் நிற்பதை வீரம் என ஒப்புக்கொள்ளும் வள்ளுவர், துன்பத்தில் வீழ்ந்தவன் பகைவனே ஆனாலும் அவனுக்குக் கை கொடுப்பதே அவ்வீரத்துக்குக் கூர்மை என்று அங்கே உணர்த்துகிறார். பந்தயத்தில் உடன் ஓடுபவர்கள் எல்லாரும் எதிராளிகளே. வேலின் தண்டு போன்றது வேகம். முனை போன்றது இந்த உதவி. முனையில்லாத தண்டை யாரும் வேல் என்று சொல்வதில்லை.

நிறுத்தத் தெரிந்தவர்கள்

1976 ஆகஸ்ட் முதல் நாள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம் பாதுகாப்பற்றது, இங்கே ஓட்ட வேண்டாம் என்று உலக வெற்றியாளர் நிக்கி லௌடா முன்கூட்டியே வாதாடினார். சக ஓட்டுநர்கள் ஏற்கவில்லை. பந்தயம் நடந்தது. லௌடாவின் வண்டியே மோதி எரிந்தது. மெர்சாரியோ, லங்கர், எட்வர்ட்ஸ், எர்ட்ல் என்ற நான்கு ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி, தீக்குள் கைவிட்டு அவரை வெளியே எடுத்தார்கள். முகம் கருகி, நுரையீரல் பாதிக்கப்பட்டு, சாவின் விளிம்பு வரை சென்ற லௌடா, ஆறே வாரங்களில் இத்தாலியின் மொன்சா தடத்தில் மீண்டும் ஓட்டி நான்காவதாக வந்தார்.

இது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவருடைய வீரத்தை நான் இன்னும் அதிகமாகக் காண்பது அடுத்து நடந்ததில்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் ஃபுஜியில் கடைசிப் பந்தயம். ஜேம்ஸ் ஹண்டைவிட லௌடா மூன்று புள்ளிகள் முன்னால் இருந்தார். கடும் மழை, தடமே தெரியவில்லை. இரண்டு சுற்று ஓட்டிய லௌடா வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இயந்திரக் கோளாறு என்று வெளியே சொல்லிவிடலாம் என அணியினர் முன்வந்தார்கள். அவர் மறுத்தார். இந்த நிலையில் ஓட்டுவது மடமை, அதனால் நிறுத்தினேன் என்ற உண்மையையே சொன்னார். ஹண்ட் மூன்றாவதாக வந்து, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை வென்றார். கோழை என்ற பேச்சும் லௌடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே அவர் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். 1984-இல் இன்னொரு முறையும் வென்றார்.

நரேன் கார்த்திகேயனின் வாழ்க்கையிலும் இதற்கு ஒப்பான ஒரு நாள் உண்டு. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர்கள் அத்தடத்தின் சாய்வான கடைசி வளைவைத் தாங்காது என்பது பயிற்சியின்போதே விபத்தால் தெரிந்துவிட்டது. பந்தயத்தன்று அந்த டயர்கள் பூட்டிய 14 வண்டிகளும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் வெளியேறிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 வண்டிகள் மட்டும் ஓடின. அவற்றுள் ஒன்றை ஓட்டிய நரேன் நான்காவதாக வந்து, ஃபார்முலா 1-இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஆறு பேரில் நான்காவதா என்று சிலர் கேலி செய்தார்கள். பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். ஆனால் இதில் யார் வீரர், யார் கோழை? டயர் தாங்கும் என்று அறிந்தவர்கள் ஓட்டினார்கள். தாங்காது என்று அறிந்தவர்கள் நிறுத்தினார்கள். இரண்டுமே அறிவின் வழி நின்ற செயல்கள்.

நம் எல்லோருக்கும் தெரிந்த இன்னொருவரையும் சொல்லலாம். நடிகர் அஜித்குமார் 2025 சனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தம் சொந்த அணியோடு சென்றார். பயிற்சியின்போது அவருடைய வண்டி தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமின்றித் தப்பினார். அதன்பின் அணியின் நலனைக் கருதி, அந்த வண்டியைப் பந்தயத்தில் தாம் ஓட்டாமல் மற்ற ஓட்டுநர்களிடம் விட்டார். அவ்வணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. திரையில் வில்லன்களை வெல்பவர், இடத்தை விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவராய் இருந்தார்.

அஞ்ச வேண்டியதைக் கண்டு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்பதும் வள்ளுவர் காட்டிய கருத்துதான்.

தடத்துக்கு வெளியே

பந்தய வீரர்களின் துணிவு தடத்தோடு முடிந்துவிடுவதில்லை. முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியை 1929-இல் வென்ற வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் பிடியிலிருந்த பிரான்சுக்குள் பிரிட்டனின் இரகசிய முகவராக இறங்கினார். அவரோடு சேர்ந்து பணியாற்றியவர் இன்னொரு பந்தய வீரர் ராபர்ட் பெனுவா. இருவருமே பிடிபட்டார்கள், இருவருமே நாஜிகளின் வதைமுகாம்களில் கொல்லப்பட்டார்கள்.

போர் இல்லாத காலத்துத் துணிவுக்கு ஸ்காட்லாந்தின் ஜாக்கி ஸ்டுவர்ட் எடுத்துக்காட்டு. 1966-இல் ஸ்பாவில் மழையில் மோதி, பெட்ரோலில் நனைந்தபடி வண்டிக்குள் சிக்கிக்கொண்டார். உதவிக்கு ஆளில்லை, கருவியும் இல்லை. சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும் ஒரு பார்வையாளரிடம் ஸ்பானர் கடன் வாங்கித்தான் அவரை விடுவித்தார்கள். அதன்பின் ஸ்டுவர்ட் இருக்கை வார், பாதுகாப்புத் தடுப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். விளையாட்டின் வீரத்தையே கெடுக்கிறார் என்று ஏசினார்கள். அப்படி ஏசப்பட்டவர் மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர்!

அவரைப் போன்றவர்கள் விதைத்ததன் பலனை 2020 நவம்பர் 29-ஆம் நாள் உலகமே கண்டது. பஹ்ரேனில் ரொமேன் குரோஜானின் வண்டி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி, இரண்டாகப் பிளந்து தீப்பந்தானது. ஏறக்குறைய 28 விநாடிகள் தீக்குள் இருந்த அவர், தாமே ஏறி வெளியே வந்தார். 2018 முதல் கட்டாயமாக்கப்பட்ட டைட்டானிய வளையம் அவருடைய தலையைக் காத்தது. தீ தாங்கும் உடை உடலைக் காத்தது. முதல் சுற்றில் வண்டிகளுக்குப் பின்னாலேயே வரும் மருத்துவக் காரிலிருந்து மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் இறங்கி, நெருப்பின் ஓரத்துக்கே சென்று அவரைத் தாங்கிப் பிடித்தார். 1973-இல் பர்லி தனியாக நின்ற இடத்தில், 2020-இல் ஓர் ஏற்பாடே நின்றது. ஒரு மனிதனின் வீரம் அடுத்த தலைமுறைக்கு விதியாகவும் கருவியாகவும் மாறும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

தடமும் சாலையும்

இனி மீண்டும் எங்கள் ஊர்ச் சாலைக்கு வருவோம். "அவர்கள் ஓட்டலாம், நாங்கள் ஓட்டக்கூடாதா?" என்று தம்பிகள் கேட்கலாம். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன் என்பதால் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக்கு மேலிருந்து விழுவதற்குச் சமம். 120 கிலோமீட்டர் என்றால் 57 மீட்டர். ஜார்ஜ் டவுனில் நிற்கும் கொம்தார் கோபுரத்தின் ஏறக்குறைய கால் பங்கு உயரம் அது. அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 33 மீட்டர் பாய்கிறது. ஆபத்தைக் கண்ட கண் கைக்குச் செய்தி சொல்லி, கை பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடும்.

பந்தயத் தடத்தில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடுகின்றன. வளைவுக்கு வெளியே அகன்ற வெற்றிடம் இருக்கிறது. அதற்கப்பால் அதிர்ச்சியைத் தாங்கும் தடுப்பு இருக்கிறது. கொடியோடு ஊழியர்களும், அருகிலேயே மருத்துவரும் இருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் தடம் உயிரைக் கேட்கிறது. 2011 அக்டோபர் 23-இல் நம் செபாங்கிலேயே இத்தாலியின் மார்கோ சிமொன்செல்லி மாண்டார். 2023 சனவரியில் சென்னைத் தடத்தில் அனுபவமிக்க கார் பந்தய வீரர் கே. இ. குமாரும், அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் 13 வயது பெங்களூருச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தார்கள். தடத்திலேயே இப்படி என்றால், விளக்குக் கம்பமும், லாரியும், கைலியோடு சைக்கிளில் வேலைக்குப் போகும் பெரியவரும் இருக்கும் சாலையில் எப்படி இருக்கும்? தீக்குள் நுழைந்த ஹெயில்வுட், மோட்டார் சைக்கிளில் ஒன்பது முறை உலகப் பட்டம் வென்ற அந்த மாவீரர், 1981-இல் எப்படி இறந்தார் தெரியுமா? பிள்ளைகளோடு சாப்பாடு வாங்கக் காரில் போகும்போது, சாலையில் விதியை மீறித் திரும்பிய ஒரு லாரியில் மோதி இறந்தார். அவருடைய சிறு மகளும் மாண்டாள்.

நம் நாட்டுச் சாலைகளில் 2019-இல் மட்டும் 6,167 பேர் உயிரிழந்தார்கள். இவ்வாறு ஆண்டுதோறும் மாள்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

அப்படிப்பட்ட ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தாமானைச் சேர்ந்த ஒரு தம்பி. நள்ளிரவில் ஏழெட்டுப் பேராகப் போனார்கள். இவர் மட்டும் விழுந்தார். போலீசுக்குப் பயந்து மற்றவர்கள் கலைந்து போய்விட்டார்கள். அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர்தான் பார்த்துத் தகவல் சொன்னார். இறுதிச் சடங்கன்று வீட்டு வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அதில் அவர் பெயருக்கு முன்னால் 'மாவீரன்' என்று எழுதியிருந்தது. நண்பர்கள் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, இயந்திரத்தை முறுக்கி மரியாதை செய்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கூடப் போன பையனுங்க ஒருத்தன்கூடவா நிக்கல, தம்பி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பர்லி நின்றார், ஹெயில்வுட் நின்றார், சென்னா நின்றார். முன்பின் தெரியாத ஒரு லாரி ஓட்டுநர் நின்றார். மாவீரன் என்று பதாகை கட்டியவர்கள் நிற்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, வேகத்தில் ஆர்வமுள்ள தம்பி, தங்கைகளை ஏசுவதைவிட அவர்களுக்கு வழி காட்டுவது நல்லது. கரிவரதன் செய்தது அதைத்தான். நம் நாட்டில் 1994 முதல் கப் பிரி மோட்டார் சைக்கிள் போட்டிகள் நடந்து வருகின்றன. கோகார்ட் தடங்கள் உள்ளன. செபாங் தடமும் இருக்கிறது. அங்கே உரிமம் உண்டு, பயிற்சி உண்டு, விழுந்தால் தூக்க ஆள் உண்டு. செலவும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சாலையில் ஓட்டுவதற்காகத் தம்பிகள் இயந்திரத்திலும் புகைக்குழாயிலும் கொட்டும் பணத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

இரண்டாவதாக, விழுந்தவருக்கு உதவக் கற்றுக்கொள்வோம். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. விபத்தைக் கண்டால் முதலில் நம் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, பின்னால் வரும் வாகனங்களை எச்சரிக்க வேண்டும். 999-க்கு அழைக்க வேண்டும். விழுந்த வண்டியின் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். தீயோ வேறு வாகனம் மோதும் ஆபத்தோ இல்லாவிட்டால், அடிபட்டவரை இழுக்கவோ தூக்கி உட்கார வைக்கவோ கூடாது. மூச்சு தடைபடாத வரை தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்த வேண்டும். 1992-இல் சென்னா செய்ததும் ஏறக்குறைய இவைதாமே! நம் மொழிக் கழகங்கள் ஆண்டுக்கொரு முறை ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கினால்கூடப் போதும்.

மூன்றாவதாக, சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவோம். தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டு மலரைப் படிக்கும் நமக்கு இது தனிப் பொறுப்பு. வீரம் என்பது நம் மொழியில் மலிவான சொல் அல்ல. சாலையில் மாண்ட பிள்ளைக்காக அழுவோம். அவன் குடும்பத்துக்குத் துணை நிற்போம். ஆனால் அந்தச் சாவுக்கு 'வீரம்' என்று பெயர் வைக்க வேண்டாம். அப்படிப் பெயர் வைத்தால், அந்தப் பதாகையைப் படிக்கும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தனக்கும் அப்படி ஒரு பதாகை வேண்டும் என்று எண்ணக்கூடும்.

நம் முன்னோர் கல்லில் எழுதுவதற்கு முன் எதற்காக என்று கேட்டார்கள். ஆநிரையை மீட்டான், ஊரைக் காத்தான் என்று பதில் இருந்தது. அதன் பிறகே உளி எடுத்தார்கள். இன்று நாற்சந்திகளில் பதாகை எழுதும் நாமும் அதே கேள்வியைக் கேட்டுப் பழகினால் போதும். யார் வேகமாகப் போனார் என்று பார்க்காமல், யார் நின்றார் என்று பார்க்கத் தொடங்குவோம்.